சுவரில்லாத வீட்டில் சுசீலாபாய்

சுசீலாபாய்க்குச் சொந்த வீடு கிடைக்க ஐம்பத்தெட்டு வயதாயிற்று. வீடு கிடைத்தது, சுவர்தான் கிடைக்கவில்லை.

இப்படிச் சொன்னால் அவள் புருஷன் சுவாமிதாஸ் சண்டைக்கு வருவார். சுவர் இருக்கிறது, பார்க்கத் தெரிய வேண்டும் என்பார். சிட்டி ஓரத்தில், நேமத்தில் பஸ் ரோட்டை விட்டுத் திரும்புகிற ஒரு சந்தில் அந்த வீடு நிற்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் ஹால். ஹாலுக்கு நடுவில் கூரையில்லாத ஒரு முற்றம், அதில் மூங்கில், கூழாங்கல், தொட்டித் தண்ணீர், தண்ணீருக்குள் நாலு மீன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசை, அதை ஒட்டி அடுக்களை. அடுக்களைக்கும் சுவர் கிடையாது. சந்தில் நின்று சிகரெட் பற்றவைக்கிறவன், சுசீலாபாய் தோசை சுடுவதையும், அது கருகுவதையும், கருகினதை அவள் தன் தட்டில் போட்டுக்கொள்வதையும் பார்த்துவிட்டுப் போகலாம். பார்த்துவிட்டுத்தான் போனார்கள். குடிவந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் குடும்பம் குடும்பமாக வந்து நின்று பார்த்தார்கள்.

சுவாமிதாஸ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். ஆயுசில் பாதியை அடுத்தவன் ஜன்னலை அடைத்துக் குளிரூட்டியே கழித்த மனுஷர், ஊர் திரும்பியதும் காற்றோட்டத்தின் பக்தராகிவிட்டார். அதற்குக் காரணம் யூடியூப். மலையாளத்தில் வீடு சுற்றிக் காட்டுகிற சேனல்கள் ஈசல்போலப் பறக்கிற காலம் இது. ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊரான் வீட்டுக்குள் நுழைந்து, குளியலறைவரை போய், "வாவ்" என்பான். அந்த "வாவ்" தன் வீட்டிலும் ஒருநாள் ஒலிக்க வேண்டும் என்பது சுவாமிதாஸின் ஆசை. மற்றவர்கள் மோட்சத்துக்கு ஆசைப்படுகிற வயசில் அவருக்கு இது.

வீட்டை வரைந்தவன் ஜெயன் என்கிற ஆர்க்கிடெக்ட். "உள்ளும் வெளியும் ஒண்ணாகணும் அங்கிள். வீடுன்னா அது மூச்சு விடணும்" என்று சொல்லிச் சொல்லியே கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு சுவராக அழித்தான். அழிக்க அழிக்க சுவாமிதாஸ் குழந்தைபோலக் கைதட்டினார். இந்த ஜெயன் குடியிருந்தது வழுதக்காட்டில் ஒரு பிளாட்டில். அதன் பால்கனிக்கும் கம்பி வலை அடித்து வைத்திருந்தான், புறா வருமாம்.

சுசீலாபாய் கேட்டது இரண்டே காரியம். அடுக்களைக்கு ஒரு கதவு, பக்கத்தில் பூட்டுகிற மாதிரி ஒரு சின்ன முறி, தனி அறையாக. ஜெயன் சிரித்தான்.

"என்னத்த ஆன்ட்டி மறைக்கணும்?"

ஆயுசு முழுக்க அவள் பார்த்த வேலையே மறைப்பதுதான். அதை இந்தத் தாடிக்காரனிடம் எப்படிச் சொல்வது?

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு உபதேசியாருக்கு மகளாகப் பிறந்தவள் சுசீலாபாய். கிறிஸ்தவ சபை கொடுக்கிற சம்பளத்தில் உபதேசியார் குடும்பம் அரை வயிறு சாப்பிட்டது, முழு வயிறு சாப்பிட்டதாக ஊரை நம்பவைத்தது. மீன் வாங்க வழியில்லாத நாளில் அவள் அம்மை யார் வீட்டிலிருந்தோ நாலு மீன்முள்ளைப் பொறுக்கி வந்து, வாசலில் பூனைக்குப் போட்டு, "போ பூனே, போ" என்று நாலு வீடு கேட்க அதட்டுவாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறித்தான் சுசீலாபாய் கல்யாணம் ஆகி நெய்யாற்றின்கரைக்குப் போனாள். புருஷன் விமானம் ஏறியதும் ஜினி என்கிற ஒற்றை மகளோடு கரமனையிலும் கைமனத்திலும் வாடகை வீடுகளில் இருந்தாள். ஒரு மழைக்காலம் முழுக்க சுவாமிதாஸ் மஸ்கட்டில் வேலை இழந்து, சிநேகிதன் அறையில் சுருண்டு கிடந்தார். அவருக்குப் பிரமோஷன், அதனால்தான் லீவு இல்லை என்று சபை பூரா சொல்லி வைத்தாள் இவள். குடித்துவிட்டு வருகிற தம்பியை உள்முறியில் தள்ளிப் பூட்டி, அவன் கத்துவது வெளியே கேட்காமலிருக்கக் கீர்த்தனை பாடுவாள். நல்ல தொண்டை என்று பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் குடிவைத்தால் அவள் என்ன ஆவாள்? இளைத்துப்போனாள். புருஷனோடு சண்டை போடவும் இடம் இல்லை. முற்றத்தில் முணுமுணுத்தால் மாடியில் எதிரொலிக்கும், மாடியில் பெருமூச்சு விட்டால் சந்தில் கேட்கும். ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தபோது சாரல் சோபாவரை வந்தது. சுவாமிதாஸ் சோபாவை நகர்த்தினார். மழை இன்னும் உள்ளே வந்தது. அவர் இன்னும் நகர்த்தினார். கடைசியில் சோபா அடுக்களையில் கிடந்தது, விருந்தாளிகள் மிக்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். இயற்கையோடு வாழ்கிறோம் என்று அவர்களிடம் விளக்கினார் சுவாமிதாஸ்.

எல்லாவற்றுக்கும் மேலே மாடிக் குளியலறை. மொத்த வீட்டிலும் தாழ்ப்பாள் போட்டு முழுசாக அடைக்க முடிகிற கதவு அது ஒன்றுதான். அதற்குக் கூரை கிடையாது. வானத்தைப் பார்த்துக் குளிக்கலாம் என்றான் ஜெயன். வானத்தில் யாரும் இல்லைதான். ஆனால் வானத்துக்குக் கீழே, பக்கத்து விளையில் ஏழெட்டுத் தென்னை நிற்கிறதே, அதை அவன் வரைபடத்தில் வரைந்திருக்கவில்லை. அந்தத் தென்னைகளில் தேங்காய் வெட்ட வருகிறவன் வன்னியராஜ், நாங்குநேரிப் பக்கத்துக்காரன், கான்கிரீட் வேலைக்கு வந்து மரமேறியாக மாறினவன். இதே வீட்டுக்குச் சிமெண்ட் சுமந்ததால் வீட்டாள்கள் எல்லாரையும் தெரியும். தென்னை ஏறுகிறவன் ஏறும்முன் சத்தம் கொடுப்பது இந்தப் பக்கத்தில் பழைய மரியாதை. மேலே போனால் பத்து வீட்டுக் கிணற்றடி தெரியும், குளிக்கிற பெண்கள் சுதாரித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? கான்கிரீட் வீடுகள் வந்து அந்தக் கூப்பாட்டுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. ஜெயன் புண்ணியத்தில் மறுபடி வேலை வந்தது. "யம்மோவ், ஏறுதேன்!" என்று வன்னியராஜ் கத்தினால் சுசீலாபாய் சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு மூலையில் ஒண்டுவாள். அறுபதை எட்டப்போகிற மஸ்கட்காரர் மனைவிக்கு வந்த யோகம்.

இந்த வீட்டுக்குத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் ஜினி இரண்டு பெட்டியோடு டாக்சியில் வந்து இறங்கினாள்.

ஜினிக்கு முப்பத்தொன்று. கட்டிக்கொடுத்தது எர்ணாகுளத்தில் சஜின் என்கிற என்ஜினியருக்கு. சபை முழுக்க வந்து பிரியாணி தின்ற கல்யாணம். ஜினிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. சஜின் திருடனுக்குப் பயந்து ஹாலில் கேமரா வைத்தான். அப்புறம் அடுக்களையில் வைத்தான், அங்கே எந்தத் திருடன் வருவான் என்று தெரியவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து செல்போனில் பெண்டாட்டியைப் பார்ப்பான். யாரிடம் இவ்வளவு நேரம் போன் பேச்சு, ஏன் ஜன்னல் பக்கத்தில் நிற்கிறாய், எதற்கு அந்தச் சேலை என்று கூப்பிட்டுக் கேட்பான். படுக்கையறையிலும் ஒன்றை மாட்டியபோது ஜினி அதைக் கழற்றினாள். அவன் மறுபடி மாட்டினான். அவள் பெட்டியை எடுத்தாள்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமல், அழாமல் சொன்னாள் ஜினி. "இனி அங்க போகமாட்டேன் அம்மா. இங்க இருந்து கேஸ் குடுக்கப் போறேன்" என்றாள்.

பெற்றவள் என்ன கேட்டிருக்க வேண்டும்? சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கலாம். அடித்தானா என்று கேட்டிருக்கலாம். சுசீலாபாய் கண்ணாடி வழியாகச் சந்தைப் பார்த்துக்கொண்டே, "வரும்போ யாரும் பாத்தாங்களா மக்களே?" என்றாள்.

ஜினி காப்பியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பெண் திரும்பி வந்துவிட்டாள் என்பது வெளியே போனால் அப்புறம் சபையில் தலைகாட்ட முடியாது என்று சுசீலாபாய் தீர்மானமாக நம்பினாள். இரண்டு மாசம் ஆறப்போட்டால் மருமகனே வந்து கூட்டிப்போவான். அதுவரை மறைக்க வேண்டும். எங்கே மறைப்பது? மாடி முறிகளுக்கும் முற்றத்தைப் பார்த்துக் கண்ணாடிதான். அவள் பீரோவிலிருந்த கட்டில் விரிப்புகளையெல்லாம் எடுத்துக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். சுவாமிதாஸ் வந்து பார்த்து நெஞ்சில் கைவைத்தார்.

"இதென்ன, துணி வெளுத்துக் காயப்போட அலக்குகாரன் வீடா? ஜெயன் கண்டா என்ன நெனைப்பான்?"

"மகள் வாழாம வந்து நிக்கா. ஒங்களுக்கு ஜெயனா பெருசு?"

"அது நான் சஜின்கிட்ட பேசிக்கிடுதேன். நீ மொதல்ல துணிய எடு. இந்த மாசம் சேனல்காரங்க வாறாங்க."

துணி இறங்கியது. சஜினிடம் அவர் பேசவே இல்லை. அதன்பிறகு மகளுக்கு அம்மை சட்டதிட்டம் போட்டாள். கண்ணாடிப் பக்கம் நிற்காதே. விளக்கைப் போடாதே. கீழே வருவதானால் தூணோடு தூணாக வா. கம்பெனி ஆள்களோடு பேசுவதானால் இங்கிலீஷில் பேசு, ஆபீஸ் காரியத்துக்கு வந்திருக்கிறாய் என்று சொல்லிக்கொள்ளலாம். முப்பத்தொரு வயசுப் பெண் அப்பன் வீட்டில் திருடிபோல நடந்தாள். மொத்த வீட்டுக்கும் தூணே இரண்டுதான்.

அந்தச் சனிக்கிழமை மாதர் சங்கத்து வீட்டு ஜெபம் சுசீலாபாய் வீட்டு முறை. சனிக்கு ஒரு வீடு என்று வரிசையாக வரும். இந்த முறைக்காக அவள் எத்தனை காலம் காத்திருந்தாள்! வாடகை வீட்டின் புழுங்குகிற ஹாலில் பெண்களை நெருக்கி உட்காரவைத்துக் கூசியவள், சொந்த வீட்டில் பாய் விரிக்கிற நாள் வருமென்று வேண்டிக்கொண்டதுண்டு. இப்போது வந்த நாளை வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பார்கள். அதுவும் செல்லபாய் கேட்பாள்.

செல்லபாய் சங்கத்துச் செயலாளர், சுசீலாபாயைவிட மூத்தவள், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய காது. நம் சபைகளில் பிறர் காரியத்தைப் பேசுவது பாவம், ஆனால் ஜெபக்குறிப்பாகச் சொல்லலாம். இன்னார் மகன் குடிக்கிறான் என்றால் அது புறங்கூறல். இன்னார் மகனுக்குக் குடியிலிருந்து விடுதலை வேண்டும் என்றால் அது ஆத்ம பாரம். அந்தப் பாரங்களையெல்லாம் சேகரித்து வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் செல்லபாய் என்பது சுசீலாபாயின் கணக்கு. உலகத்தில் அவள் பயந்தது கடவுளுக்கு, அதற்கடுத்து செல்லபாய்க்கு. சில சமயம் வரிசை மாறியும் இருந்தது.

"மக்களே, அவங்க போறவரைக்கும் நீ மேல பாத்ரூம்ல இரு. அதுக்குத்தான் தாழ்ப்பாள் உண்டு" என்றாள் மகளிடம்.

"அங்க கேமரா. இங்க பாத்ரூம்" என்றாள் ஜினி. பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மத்தியானம் பெய்த மழை விட்டு வெயில் அடித்தது. அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பெண்கள் வந்தார்கள். வெள்ளையும் வெளிர்நீலமுமாகச் சேலை, கையில் பைபிள், கண் எல்லாம் கூரையில். கூரை இல்லாத இடத்தில் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிலர் தடுமாறினார்கள். சுவாமிதாஸ் வாசலில் நின்று கண்ணாடிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்து காட்டினார். எல்லாம் ஒரு பக்கமாக மடிந்து ஒதுங்கின. இப்போது ஹால், முற்றம், வாசல், சந்து எல்லாம் ஒன்று. "பாத்தீங்களா, உள்ளயா வெளியயான்னு சொல்ல முடியாது" என்றார். ஒரு பெண், கொசு வருமே என்று கேட்டாள். அது அவர் காதில் விழவில்லை.

பாட்டு முடிந்தது. வசனம் வாசித்தார்கள். ஜெபக்குறிப்பு கேட்கிற நேரம் வந்தது. வீட்டுக்காரி முதலில் சொல்ல வேண்டும். சுசீலாபாய் எழுந்து, குடும்ப சமாதானத்துக்காக ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பொய் சொல்லிப் பழகினவர்களுக்கு அதுதான் குறை, கொஞ்சம் அலங்காரம் செய்யாமல் இருக்க முடியாது. எர்ணாகுளத்தில் மகளும் மருமகனும் ஒருமனமாக வாழ்கிறார்கள், அடுத்த மாசம் இருவரும் வருகிறார்கள், அவர்களுக்கு ஒரு குழந்தை பாக்கியத்துக்காக எல்லாரும் ஜெபிக்க வேண்டும் என்றாள்.

செல்லபாய் ஜெபிக்க எழுந்தாள். தலைகள் கவிழ்ந்தன, கண்கள் மூடின. "எர்ணாகுளத்தில் இருக்கிற எங்கள் மகள் ஜினியை நீர் கண்ணோக்கிப் பாரும் ஆண்டவரே" என்று கனத்த குரலில் சொல்லிவிட்டு, செல்லபாய் மூச்சு வாங்குவதற்காக ஒரு கணம் நிறுத்தினாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து விளையில் பாதித் தென்னையில் நின்ற வன்னியராஜ் கத்தினான். அவன் முறை தவறாதவன். பாட்டு நடக்கும்போதே கீழே நின்று சத்தம் கொடுத்தான், பாட்டில் அது அமுங்கிப்போயிற்று. பதில் இல்லாததால் ஏறினான். ஏறினவன் கண்டான்.

"யம்மோவ்! மேல பாத்ரூம்ல ஒங்க மக ஜினி ஒக்காந்திருக்கு! நான் ஏறட்டுமா, பொறவு வரட்டுமா?"

சுவர் இருக்கிற வீடாக இருந்தால் அந்தச் சத்தம் எங்கேயாவது முட்டி விழுந்திருக்கும். இங்கே தடுக்க ஒன்றும் இல்லை. முற்றத்து வழியாக நேரே இறங்கி ஹாலின் நடுவில் விழுந்தது. மூடியிருந்த அத்தனை கண்களும் திறந்தன. ஒரு பெண் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். செல்லபாய் மட்டும் கண்ணை மூடியபடி, "ஆமென்" என்று சட்டென்று முடித்தாள்.

மாடியில் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஜினி படியிறங்கி வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. யாருக்கும் ஒளியவில்லை, நேராக வந்து நின்றாள். அவளே நடந்ததைச் சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். அவள் அம்மை முகத்தைப் பார்த்து நின்றாள். ஒரு வார்த்தை, உண்மையாக ஒரே ஒரு வார்த்தை அம்மை சொல்வாளா என்று பார்த்தாள்.

சுசீலாபாய் சிரித்தாள். "நேத்துதான் வந்தா. ஒரு சின்னப் பனி, காய்ச்சலாக்கும். பரவண்டாம்னு தனியா இருக்கச் சொன்னேன். மருமோன்தான் கார்ல கொண்டு விட்டுட்டுப் போனாரு. நாளைக்கே திரும்பிப் போவா."

"பனிக்காரிய வானத்துக்குக் கீழயா வச்சிருந்த?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. காப்பியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன, எல்லாரும் பஜ்ஜியைப் பற்றியே பேசினார்கள். செல்லபாய் புறப்படும்போது ஜினியின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். சுசீலாபாய் மனசில் கணக்குப் போட்டாள். இனி இது எத்தனை வீட்டு ஜெபத்தில் ஏறுமோ?

மறுநாள் காலை ஜினி இரண்டு பெட்டியையும் இறக்கி வைத்தாள்.

"எங்க மக்களே?"

"நீ அவங்ககிட்ட சொன்ன எடத்துக்குத்தான்."

சுசீலாபாய்க்கு மூச்சு சீராக வந்தது. மகள் குரலில் என்ன இருந்தது என்று அவள் கேட்டுப் பார்க்கவில்லை. நம்புவது வசதியாக இருந்தது, நம்பினாள். மருமகனுக்கு நெய்மீன் ஊறுகாய் ஒரு பாட்டில் கட்டிக் கொடுத்தாள். சுவாமிதாஸ் பெட்டிகளை டாக்சிவரை தூக்கிக்கொண்டு போய் வைத்தார், அந்தமட்டும் செய்தார். பின்னர் சேனல்காரர்கள் வந்தார்கள். "வாவ்" என்றார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று சுவாமிதாஸ் சபையில் எல்லாருக்கும் செல்போனை நீட்டினார்.

ஜினி அவ்வப்போது போனில் பேசினாள். சுகமாக இருக்கிறேன் என்பாள். மருமகனிடம் கொடு என்று சுசீலாபாய் கேட்டதில்லை, கேட்டால் என்ன வருமோ என்று பயம். அவனையும் அவள் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை. ஆனால் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். அது நாளுக்கு நாள் வளர்ந்தது. மருமகன் புதுக் கார் வாங்கினான். மூணாறுக்குப் போய் வந்தார்கள். டாக்டரைப் பார்க்கிறார்கள், நல்ல செய்தி வரும்.

ஓணம் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து ஆலய வாசலில் செல்லபாயும் சுசீலாபாயும் அருகருகே நிற்கும்படி ஆயிற்று. செல்லபாய் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே சுசீலாபாய் ஆரம்பித்தாள்.

"நேத்து ரெண்டுபேரும் வீடியோல வந்தாங்க அக்கா. மருமோனுக்கு அவ கையால சமைச்சாத்தான் எறங்குமாம். எல்லாம் ஒங்க ஜெபந்தான்."

"சுசீலா, போரும், நிறுத்து" என்றாள் செல்லபாய்.

கையைப் பிடித்துப் படியோரத்துக்கு ஒதுக்கிக் கொண்டுபோனாள்.

"அவ எர்ணாகுளத்தில இல்ல. இங்க சிட்டியிலதான், பட்டத்தில ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா. என் மகள் ஷீஜா அங்க வார்டன். அன்னைக்கு ஜெபம் முடிஞ்சு நான் வீடு எத்திச் சேரல்ல, அதுக்குள்ள ஜினி எனக்கு போன் பண்ணிட்டா. பெட் எடுத்துக் குடுத்தது நானாக்கும். வக்கீலுகிட்ட கூடப் போனதும் நான்தான். சபையில ஒரு குஞ்சுக்கும் தெரியாது, பயப்படாத."

"என்கிட்ட அவ..." என்றாள் சுசீலாபாய்.

"அம்மைகிட்ட மட்டும் சொல்லாதீங்க ஆன்ட்டின்னு என் கையப் பிடிச்சுக் கேட்டா. அம்மைக்கு இது தாங்காது, அம்மை அவங்க சொல்லிட்டிருக்கதையே சொல்லிட்டு நிம்மதியா இருக்கட்டும்ன்னா. இத்தனை நாளும் நானும் வாய் மிண்டாம இருந்தேன். ஆனா நீ இப்பிடி சொல்லச் சொல்ல என்னால கேட்டுட்டு நிக்க முடியல்ல."

சுசீலாபாய் கையிலிருந்த குடையை விரித்தாள். மழை இல்லை, நல்ல வெயில்கூட இல்லை. விரித்த குடையை முகத்துக்கு முன்னால் இறக்கிப் பிடித்துக்கொண்டு படியோரத்தில் அப்படியே நின்றாள். ஆராதனை முடிந்து இறங்கி வந்த அத்தனை பேரும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.